விட்டுப்போன நண்பருக்கு மெசேஜ் போடுவது எப்படி: உளவியல் ஆய்வுகள் காட்டும் சில வழிகள்

போனில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை தள்ளிப் பாருங்கள். ஒரு காலத்தில் தினமும் பேசிய, இப்போது வருடக்கணக்கில் பேசாத பெயர்கள் நாலைந்தாவது கண்ணில் படும். சண்டை எதுவும் கிடையாது. வேலை மாறியது, கல்யாணம் ஆனது, ஊர் மாறியது, ஒரு பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லாமல் விட்டுப்போனது, அடுத்த பொங்கலுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். பேசினால் நன்றாக இருக்கும் என்று மனதுக்குத் தெரிகிறது, ஆனாலும் விரல் நகர மாட்டேன் என்கிறது.

கிட்டத்தட்ட எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் இருக்கும் லாரா ஆக்னினும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் 2024-ல் இதைப் பற்றி ஏழு ஆய்வுகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களிடம், தொடர்பு விட்டுப்போன ஒரு நண்பரை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரோடு மறுபடி பேச ஆசை இருக்க வேண்டும், அவரும் சந்தோஷப்படுவார் என்று தோன்ற வேண்டும், அவருடைய நம்பரோ முகவரியோ கையில் இருக்க வேண்டும். பிறகு மெசேஜ் எழுத நேரமும் கொடுத்து, எழுதி முடித்ததும் 'இப்போதே அனுப்புங்கள்' என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள்கூட அனுப்பவில்லை. ஆசை, நம்பர், நேரம், எழுதி முடித்த மெசேஜ் எல்லாம் இருந்தும் அந்தக் கடைசி ஒரு தட்டு மட்டும் நடக்கவில்லை. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது: பழைய நண்பருக்கு மெசேஜ் போட மக்களுக்கு இருந்த விருப்பம், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுக்க இருந்த விருப்பத்தைவிட அதிகமாக இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்ட ஆள், இடைவெளி விழுந்ததும், மனதுக்குள் அந்நியராகிவிடுகிறார்.

இந்தத் தயக்கத்தைத் தாண்டுவதற்கான வழிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பொதுவாக உளவியல் ஆராய்ச்சி என்ற பெயரில் நிறைய விற்கிறார்கள், ஆனால் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்ததில் அன்றாட வாழ்க்கைக்கு நேரடியாக உதவக்கூடியது எது என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு வரிசை ஆய்வுகளைத்தான் சொல்வேன். அவை எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. நாம் பேசினால், நன்றி சொன்னால், உதவி கேட்டால் அடுத்தவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நாம் போடும் கணக்கு தப்பாகிறது, அதுவும் எப்போதும் ஒரே பக்கமாகவே தப்பாகிறது. நடப்பதைவிட மோசமாக நடக்கும் என்றுதான் நினைக்கிறோம்.

முதலில் கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்ப்போம்

2018-ல் எரிக்கா பூத்பி, கஸ் கூனி, சாண்ட்ஸ்ட்ராம், மார்கரெட் கிளார்க் நால்வரும் செய்த ஆய்வு எளிமையானது. அறிமுகமில்லாத இரண்டு பேரைக் கொஞ்ச நேரம் பேசவிட்டு, பிறகு தனித்தனியாக இரண்டு கேள்வி கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்? இரண்டாவது கேள்விக்கு வந்த மதிப்பு உண்மையைவிடக் குறைவாகவே இருந்தது. இருவருமே எழுந்து போகும்போது 'எனக்கு அவரைப் பிடித்தது, அவருக்குத்தான் என்னை அவ்வளவாகப் பிடிக்கவில்லை போல' என்று நினைத்துக்கொண்டு போனார்கள். கல்லூரி விடுதியில் ஒன்றாகத் தங்கிய மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்தபோது, இந்த இடைவெளி மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் சிறுவர்களிடமும் சோதித்தார்கள். நாலு வயதுக் குழந்தைகளிடம் இது இல்லை, ஐந்து வயதில் தலைகாட்டி வயது ஏற ஏறக் கூடுகிறது. மற்றவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கும் வயதிலேயே தப்பாக யோசிக்கவும் தொடங்கிவிடுகிறோம்.

காரணம் என்னவென்றால், நாம் பேசும்போது நம்முடைய தடுமாற்றம் நமக்கு மட்டும் உள்ளிருந்து கேட்கிறது. சொன்ன வார்த்தை சரியில்லை, அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது, கேட்ட கேள்வி அசட்டுத்தனம் என்று நம் தலைக்குள் ஒருவர் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறார். எதிரில் இருப்பவருக்கு அது எதுவும் கேட்பதில்லை, அவர் தன் தலைக்குள் இருக்கும் ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-ல் நன்றிக் கடிதங்களை வைத்துச் செய்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களிடமே நேராகக் கேட்டார்கள். எழுதியவர்கள் நினைத்ததைவிடப் பெற்றவர்களுக்கு ஆச்சரியமும் சந்தோஷமும் அதிகம், சங்கடம் குறைவு. எழுதுகிறவர் 'வார்த்தை சரியாக வந்திருக்கிறதா' என்று கவலைப்படுகிறார், படிக்கிறவரோ 'என்னை நினைத்திருக்கிறாரே' என்பதைத்தான் பார்க்கிறார். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே சுலபமாகிவிடும்: உங்கள் மொழிநடையை யாரும் மதிப்பெண் போட்டுப் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்று, இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியுவும் அவருடைய சகாக்களும் 2022-ல் 5,900-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், 'சும்மா உன்னை நினைத்தேன்' என்ற வகைச் சின்னக் குறிப்புகளை அனுப்புகிறவர்கள், அதற்குக் கிடைக்கும் வரவேற்பைக் குறைத்தே கணித்தார்கள். எதிர்பாராமல் வருவதுதான் பெறுபவருக்கு இனிக்கிறது, அனுப்புகிறவர் அந்த ஆச்சரியத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதிகம் நெருக்கமில்லாதவரிடமிருந்து வரும்போது ஆச்சரியமும் கூடுகிறது, சந்தோஷமும் கூடுகிறது. ஆக, 'இத்தனை வருஷம் கழித்து திடீரென்று எப்படி' என்று எதை நினைத்துக் கூசுகிறோமோ, அந்தத் திடீர்தான் நமக்கு உதவியாக நிற்கிறது.

யாருக்கு அனுப்புவது

ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் போட ஆரம்பித்தால் பட்டியலோடு நின்றுவிடும். பேசிக்கொள்ளாமல் போனதற்கு எந்தக் கசப்பும் காரணமாக இல்லாத ஆளாக இருக்கட்டும். பழைய விடுதி நண்பர், முதல் வேலையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், குடியிருந்த பழைய வீட்டின் எதிர்வீட்டு அக்கா, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர், சித்தப்பா மகன் என்று யாராகவும் இருக்கலாம்.

யாரைத் தவிர்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் காயப்படுத்தியவர், 'இனிமேல் என்னோடு பேச வேண்டாம்' என்று சொன்னவர், முறிந்துபோன காதல், கொடுக்கல் வாங்கல் தீராமல் நிற்கும் ஆள், இவர்கள் இந்தக் கட்டுரைக்குள் வர மாட்டார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அவர்களைப் பற்றியவை இல்லை. சும்மா விட்டுப்போன உறவுக்கும் அறுந்துபோன உறவுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

அனுப்புவதற்கு முன் மூன்று நிமிடம்

ஆக்னின், சாண்ட்ஸ்ட்ராம் ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்டதாகத் தோன்றுவது இந்த இடம்தான். 'உங்கள் நண்பர் சந்தோஷப்படுவார்' என்று தெரிந்திருந்தும் பலர் அனுப்பவில்லை என்றால், தெரிந்துகொள்வது மட்டும் போதாது. அதனால் கடைசி ஆய்வில் வேறு வழியைப் பிடித்தார்கள். பங்கேற்றவர்களில் பாதிப் பேரிடம், இப்போது பழக்கத்தில் இருக்கும் நண்பர்களுக்கு மூன்று நிமிடம் மெசேஜ் அனுப்பச் சொன்னார்கள், மீதிப் பேரை அந்த மூன்று நிமிடமும் சமூக ஊடகத்தை மேய விட்டார்கள். அதன் பிறகு பழைய நண்பருக்கு அனுப்பச் சொன்னபோது, மேய்ந்தவர்களில் 31 சதவீதம் பேரும், மெசேஜ் போட்டுப் பழகியவர்களில் 53 சதவீதம் பேரும் அனுப்பினார்கள். ரொம்ப நாள் அடிக்காத அடிபம்பில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடிக்கிற மாதிரிதான் இது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தினமும் பேசுகிற இரண்டு மூன்று பேருக்கு வரிசையாக ஏதாவது அனுப்புங்கள், தங்கைக்கு 'சாப்பிட்டியா', அலுவலக நண்பருக்கு 'நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க', அம்மாவுக்கு ஒரு போட்டோ என்று. பதில் வந்தால் பதிலுக்குப் பதில் போடுங்கள். கை அந்த ஓட்டத்தில் இருக்கும்போதே, போனைக் கீழே வைக்காமல், பழைய நண்பரின் பெயருக்குப் போய்விடுங்கள். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட அந்த ஓட்டம் விட்டுப்போகும்.

என்ன எழுதுவது

வெறும் 'ஹாய்' மட்டும் அனுப்ப வேண்டாம். பார்க்கிறவருக்கு என்ன பதில் போடுவது என்று தெரியாது, பணம் கேட்கப் போகிறாரோ, பாலிசி விற்கப் போகிறாரோ என்றுகூடத் தோன்றும். நாள் வாழ்த்துப் படம், ஃபார்வர்டு எல்லாம் இதில் சேராது, அது எல்லாருக்கும் போகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியும். நீளமான மன்னிப்புப் புராணமும் வேண்டாம். 'இத்தனை நாள் பேசாததற்கு என்னை மன்னித்துவிடு, நான்தான் தப்பு, எத்தனையோ முறை நினைத்தேன்' என்று பத்து வரி எழுதினால், அதைப் படிக்கிறவருக்கு உங்களைச் சமாதானப்படுத்தும் வேலை வந்து சேரும், அவரும் அதே அளவுக்குத்தான் பேசாமல் இருந்திருக்கிறார் என்பதும் உறுத்தும்.

இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சின்ன விஷயம், ஏன் இப்போது நினைத்தீர்கள் என்று ஒரு வரி, பதிலுக்கு அவசரமில்லை என்ற ஒரு வார்த்தை. இவ்வளவு போதும். நெருங்கிய தோழனாக இருந்தவனுக்கு இப்படி இருக்கலாம்:

'டேய், எப்படிடா இருக்கே? இன்னைக்கு மழைல பஸ் ஸ்டாண்டுல நின்னப்போ, நாம ரெண்டு பேரும் ஒரே குடைல நனைஞ்சுக்கிட்டே பரிட்சைக்கு ஓடினது ஞாபகம் வந்துச்சு. ரொம்ப நாளாச்சு பேசி. அவசரமா பதில் போடணும்னு இல்ல, நெனச்சேன், சொல்லணும்னு தோணுச்சு.'

டீச்சருக்கு என்றால் தொனி மாறும், முதல் வரியிலேயே நீங்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும், அவர்களிடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படித்திருப்பார்கள்:

'வணக்கம் டீச்சர். நான் பத்தாம் வகுப்பு பி செக்‌ஷன்ல உங்ககிட்ட தமிழ் படிச்சேன், ஜன்னல் பக்கம் கடைசி பெஞ்சு. என் கட்டுரைக்குக் கீழ சிவப்பு மைல நீங்க எழுதின ரெண்டு வரிய இன்னும் வெச்சிருக்கேன். இப்ப தினமும் எழுதற வேலைதான் பார்க்கறேன். உங்ககிட்ட இதைச் சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. உடம்பு நல்லா இருக்கீங்களா டீச்சர்?'

இரண்டிலும் அந்தக் குடை, அந்தச் சிவப்பு மை, இவைதான் வேலை செய்கின்றன. 'உங்களை மறக்கவே முடியாது' என்ற வாக்கியத்தை யார் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம், அதனால் அது யாரையும் தொடாது.

எழுதி முடித்ததும் ஒரு முறை படித்துப் பாருங்கள், பெயரும் மரியாதை விகுதியும் சரியாக இருந்தால் அனுப்பிவிடுங்கள். இரண்டாவது முறை படித்தால் திருத்தத் தோன்றும், மூன்றாவது முறை அழிக்கத் தோன்றும். என்ன காரணம் சொல்லி ஆரம்பிப்பது என்று புரியவில்லையென்றால் பிறந்தநாள் ஒரு நல்ல சாக்கு, ஊரில் மழை பெய்தது, திருவிழா வந்தது என்பதும் நல்ல சாக்குதான். ஆனால் சாக்கே இல்லாமல் வருவதைத்தான் லியுவின் ஆய்வில் மக்கள் கொண்டாடினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரம் குறிப்பது பற்றி ஒரு வார்த்தை. 'இந்த வாரம் அனுப்பணும்' என்று நினைத்தால் வாரம் போய்விடும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்த ஒரு முறை இருக்கிறது, 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து அது நன்றாகவே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதுதான் அந்த முறை. 'சனிக்கிழமை சாயங்காலம் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் போனை எடுத்து அவளுக்கு மெசேஜ் போடுவேன்' என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், கூடவே ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலை, மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

போன் பண்ணலாமா

பண்ணலாம். குமாரும் எப்லியும் 2021-ல் பழைய நண்பரோடு தொடர்பை ஏற்படுத்தச் சொல்லி, சிலரைப் போனிலும் சிலரை மின்னஞ்சலிலும் பேசவைத்தார்கள். போனில் பேசினால் நெருக்கம் கூடும் என்று முன்கூட்டியே எல்லாரும் சொன்னார்கள், ஆனாலும் சங்கடமாக இருக்கும் என்று பயந்து மின்னஞ்சலையே விரும்பினார்கள். பேசிய பிறகு கேட்டால், போனில் பேசியவர்களுக்கு நெருக்கம் அதிகமாக இருந்தது, சங்கடம் அதிகமாக இல்லை. அந்நியர்களை வைத்துச் செய்த இன்னொரு சோதனையில், குரல் மட்டும் இருந்தாலும் வீடியோவும் சேர்ந்திருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை, எழுத்து மட்டும் என்றால்தான் நெருக்கம் குறைந்தது. முகத்தைவிடக் குரலுக்குத்தான் பலம், அதனால் 'வீடியோ கால் வா' என்று கஷ்டப்படுத்த வேண்டியதில்லை.

என் அபிப்பிராயம், முதலில் மெசேஜ், பதில் வந்ததும் 'ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் பேசலாமா' என்று கேட்டுப் போன். நம் ஊரில் வருடக்கணக்கில் பேசாதவர் திடீரென்று கூப்பிட்டால் 'யாருக்கு என்ன ஆச்சு' என்று முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஒரு மெசேஜ் முன்னால் போனால் அந்தப் பதற்றம் இருக்காது. வயதான பெரியம்மா, மாமா மாதிரி ஆட்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம், நேராகக் கூப்பிட்டு 'சும்மாதான் பெரியம்மா, குரல் கேட்கணும்னு' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் போதும்.

பதில் வரவில்லை என்றால்

வராமலும் போகலாம். ஆய்வுகள் சொல்வது சராசரி, உங்கள் ஒரு மெசேஜுக்கு அது உத்தரவாதம் ஆகாது. நம்பர் மாறியிருக்கும், வேலை நெருக்கடியில் பார்த்துவிட்டு மறந்திருப்பார், 'நிதானமா பதில் போடணும்' என்று எடுத்து வைத்து, நாள் ஆக ஆக அவருக்கே கூச்சம் வந்திருக்கும். மௌனத்தை நாம் வெறுப்பு என்று படித்துவிடுகிறோம், மேலே சொன்ன அதே கோணல் கணக்குதான் அங்கேயும் ஓடுகிறது. சில மாதம் கழித்து வேறொரு சின்ன விஷயத்தோடு இன்னொரு முறை எழுதலாம், 'ஏன் பதில் போடல' என்ற பேச்சே எடுக்காமல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.

நன்றியும் உதவியும்

இதே கூச்சம்தான் நன்றி சொல்வதையும் உதவி கேட்பதையும் தடுக்கிறது. நன்றி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005-ல் செய்த ஆய்வில், தனக்கு நல்லது செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சி கணிசமாகக் கூடியது, ஒரு மாதம் வரை அது தெரிந்தது, மூன்று மாதத்தில் மறைந்துவிட்டது. ஒரு தடவை செய்து வாழ்நாள் முழுக்க நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவ்வப்போது செய்துகொண்டே இருக்க வேண்டிய விஷயம் இது.

உதவி கேட்பதில் இன்னும் சுவாரஸ்யமான விஷயங்கள் இருக்கின்றன. பிராங்க் ஃப்ளின், வனெஸா போன்ஸ் இருவரும் 2008-ல் நியூயார்க்கில் மாணவர்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள் (போன்ஸ் அப்போது லேக் என்ற பெயரில் எழுதினார்). முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு வினாத்தாளை நிரப்பித் தரச் சொல்ல வேண்டும், ஐந்து பேர் நிரப்பும் வரை கேட்க வேண்டும். கிளம்பும் முன், எத்தனை பேரிடம் கேட்க வேண்டிவரும் என்று மாணவர்கள் போட்ட கணக்கு சுமார் 20 பேர், உண்மையில் சுமார் 10 பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்தது. ஒரு நிமிடம் போன் கடன் கேட்பது, கல்லூரி உடற்பயிற்சிக் கூடம் வரை கூடவே வந்து வழிகாட்டச் சொல்வது என்று மாற்றி மாற்றிச் செய்தும் இதே கதைதான். கேட்கிறவர் 'அவருக்கு எவ்வளவு தொல்லை' என்பதையே நினைக்கிறார், முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வது மற்றவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. அதோடு, சுவான் ஜாவும் எப்லியும் 2022-ல் காட்டியபடி, உதவியவர்களுக்கு அதில் கிடைத்த சந்தோஷம், கேட்டவர்கள் நினைத்ததைவிட அதிகம்.

எப்படிக் கேட்பது? நேரில் கேளுங்கள். 2017-ல் மஹ்தி ரோகானிசாடும் போன்ஸும் செய்த சோதனையில், அந்நியர்களிடம் நேரில் கேட்டது மின்னஞ்சலில் கேட்டதைவிட 34 மடங்கு பலன் தந்தது. இரண்டாவது, எவ்வளவு வேலை, எவ்வளவு நேரம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், 'ஒரு சின்ன ஹெல்ப்' என்று இழுத்தால் எதிரில் இருப்பவர் பெரிதாகக் கற்பனை செய்வார். மூன்றாவது, மறுப்பதற்கு வாசலைத் திறந்து வையுங்கள்: 'அண்ணா, ஞாயித்துக்கிழமை காலைல பீரோவை மாடிக்கு ஏத்தணும், அரை மணி நேரம் கை கொடுக்க முடியுமா? வேலை இருந்தா பரவாயில்லண்ணா, வேற ஆள் பார்த்துக்கறேன்.'

அந்த மூன்றாவதை விடவே கூடாது. மறுக்கக் கூச்சப்பட்டுச் சம்மதிப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். போன்ஸ் செய்த இன்னொரு சோதனையில், நூலகப் புத்தகம் ஒன்றில் பேனாவால் ஒரு வார்த்தையைக் கிறுக்கச் சொல்லி மாணவர்கள் அந்நியர்களைக் கேட்டார்கள். தப்பு என்று தெரிந்தும், தயங்கியபடியே, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கிறுக்கிவிட்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்பது நல்ல செய்திதான், நமக்குக் கீழே வேலை பார்ப்பவரிடமும் வயதில் சிறியவரிடமும் கேட்கும்போது அதுவே ஒரு பொறுப்பாகிவிடுகிறது.

தெரியாதவர்களிடம் பேசுவது

எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-ல் சிகாகோ புறநகர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்துச் செய்த சோதனை ரொம்பப் பிரபலம். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகச் சொன்னவர்களுக்குப் பயணம் இனிமையாக இருந்தது, தனியாக அமைதியாக உட்காரச் சொன்னவர்களுக்கு அவ்வளவு இல்லை. முன்கூட்டியே கேட்டால் எல்லாரும் நேர்மாறாகத்தான் கணித்தார்கள். பிறகு லண்டனிலும் செய்து பார்த்தார்கள், அங்கேயும் இதே மாதிரிதான் வந்தது.

இதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. பேருந்திலோ ரயிலிலோ தெரியாத ஆண் ஒருவர் பேச்சுக் கொடுக்கும்போது ஒரு பெண்ணுக்கு வரும் எச்சரிக்கை உணர்வு, சராசரிக் கணக்கில் கரைத்துவிடக்கூடியது இல்லை. அதனால் இங்கே பாதுகாப்பான வழியைச் சொல்கிறேன். ஏற்கெனவே தினமும் பார்க்கிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்: டீ மாஸ்டர், வாட்ச்மேன் அண்ணன், பூக்கார அக்கா, நடத்துநர். வான்கூவரில் ஒரு காபிக் கடையில் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் செய்த சோதனையில், கடை ஊழியரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், சட்டென்று வாங்கிக்கொண்டு வந்தவர்களைவிட நல்ல மனநிலையோடு வெளியே வந்தார்கள். சில்லறையை வாங்கும்போது முகத்தைப் பார்த்து 'இன்னைக்கு என்னக்கா, முல்லை வரலையா' என்று கேட்பது அந்த வகைதான்.

இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி நியாயமானது. 2015-ல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 சதவீதம்தான் மறுபடி புள்ளியியல் ரீதியாகத் தேறியது. இரண்டு நிமிடம் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் ஹார்மோன் மாறும் என்று பரவலாகச் சொல்லப்பட்டதும், வேறு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அடிபட்டுப் போனது. அதோடு, ஜோசப் ஹென்ரிக்கும் சகாக்களும் 2010-ல் சுட்டிக்காட்டியபடி, இந்தத் துறையின் சோதனைகளில் பெரும்பாலும் மேற்கத்திய நாட்டுப் படித்தவர்கள்தான் இருக்கிறார்கள். நான் இந்த ஆய்வுகளை ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு சூழலில் செய்தும் கணக்கு ஒரே திசையில் தப்புவது, அப்புறம், முயன்று பார்ப்பதற்கு ஒரு மெசேஜுக்கு மேல் செலவில்லை என்பது. ஒன்று மட்டும்: வாரக்கணக்கில் மனம் இருண்டு, தூக்கமும் சாப்பாடும் கெட்டு, யாரோடும் பேசவே தோன்றாமல் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

பேச ஆரம்பித்த பிறகு

பதில் வந்து, போனிலும் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் வேலை, குழந்தைகள், வீடு எங்கே என்று போகும், போகட்டும். அதன் பிறகு ஒரு படி கீழே இறங்கலாம். 2022-ல் மைக்கேல் கார்டாஸ், குமார், எப்லி மூவரும் செய்த சோதனைகளில், ஆழமான கேள்விகளைப் பேசுவது சங்கடமாக இருக்கும் என்று பயந்தவர்கள், பேசிய பிறகு அப்படி இல்லை என்றார்கள். எதிரில் இருப்பவருக்கு அக்கறை இருக்காது என்று நாமே முடிவு செய்துவிடுவதுதான் தடை. 'வேலை எப்படிப் போகுது' என்பதற்குப் பதிலாக 'இப்ப செய்யற வேலை உனக்குப் பிடிச்சிருக்கா' என்று கேட்டுப் பாருங்கள், பதிலின் நீளமே மாறும். அவர் ஒன்று சொன்னால் உடனே உங்கள் கதைக்குத் தாவாமல், அவர் சொன்னதிலிருந்தே இன்னொரு கேள்வி கேளுங்கள்.

எப்போது முடிப்பது என்பதில் யாருக்குமே தெளிவில்லை. ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2021-ல் 932 உரையாடல்களை ஆராய்ந்தார்கள். இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த பேச்சு அநேகமாக இல்லவே இல்லை. சிலருக்கு இன்னும் பேச ஆசை, சிலருக்கு முன்பே போதும், ஆனால் எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் கேட்டுவிடுவதே நல்லது: 'உனக்கு வேலை இருக்கா, இன்னும் பேசலாமா?' முடிக்கும்போது 'பார்ப்போம், பேசுவோம்' என்று காற்றில் விடாமல் ஒரு நாளைச் சொல்லுங்கள், 'அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு நான் கூப்பிடறேன்' என்று. போனை வைத்ததும் அதைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். பேச்சில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை, அப்பாவின் கண் ஆபரேஷன், மகளின் பரிட்சை என்று எதுவோ, அதையும் அந்தத் தேதிக்குக் கீழேயே குறித்து வையுங்கள். அடுத்த முறை 'அப்பாவுக்கு இப்ப கண் எப்படி இருக்கு' என்று ஆரம்பிக்கலாம்.